மூன்றாம் தரம்

சிரிக்க நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிள்ளைகள். பிறகு சிரிப்பு வராது.

இது நடந்தது. பேசாலையில் நடந்தது. அமிர்தநாயகம் தன் வாயாலேயே சொன்னது. பொய் சொல்லிப் பெயரெடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சொன்னால் பெயர் கெடுகிற கதை இது. அதனால்தான் முப்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தார்.

பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. அதுவும் வரும்.

எழுபத்திரண்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். அமிர்தநாயகம் அப்போது மீசை கறுத்துக்கொண்டு வந்த இளந்தாரி. அவனும் தமையன் செபமாலையும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். செபமாலையின் இடது கையில் முன்பொருநாள் திருக்கை முள் ஏறி, விரல்கள் மடங்காமல் போய்விட்டன. ஒற்றைக் கையால் சுக்கானைப் பிடிப்பார். வலை இழுக்க அவரால் முடியாது. அது தம்பியின் வேலை. தம்பி இல்லாமல் அவர் கடலில் இறங்கினால் அரை ஆள்தான்.

அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டுச் செபமாலை சொன்னார்.

"வாடைக் காத்து தொடங்கப்போகுது. கடலில கிடக்கிற வலையை இண்டைக்கு ஏத்தாட்டில் நாளைக்குக் கந்தல்தான். பொழுதுபடக் கோயிலில திருந்தாதி மணி அடிக்கேக்க கரைக்கு வந்திடு."

"ஓம் அண்ணை. மன்னாருக்குப் போட்டு உடன வாறன்."

மன்னாருக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே, உடைமரப் பற்றைக்கு அப்பால் இருந்த வஸீரின் கருவாட்டு வாடிக்கு, தென்னோலைக் கிடுகால் அடைத்த கொட்டிலுக்குப் போனான். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பல்காரர்களிடம் வஸீர் ஓர் ஆட்டம் பழகி வந்திருந்தான். போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு, நடுவில் காசு. கையில் இருப்பதை முகம் சொல்லக்கூடாது. மூன்றாவது ஆள் லொறி ஓடுகிற பாலசிங்கம். பாய் விரித்து, பாயின் மூன்று பக்கமும் மூன்று பேர். நாலாம் பக்கம் வெறுமை.

மத்தியானம் முழுக்க அமிர்தநாயகத்தின் பக்கமே காசு வந்தது. மடியில் வைத்த காசு சரிந்து பாயில் விழும் அளவுக்கு வந்தது.

கோயிலில் திருந்தாதி மணி அடித்தது.

அவன் பாதி எழும்பினான். வஸீர் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மச்சான், வெண்ட காசோட நழுவுறியோ? எங்கட வாப்பா கருவாடு வித்த காசடா அது."

"விடு வஸீர்," என்றான் பாலசிங்கம். "பிந்திப் போனால் அண்ணன் முழங்காலில நிக்க விடுவாராக்கும்."

காது சுட்டது. இருந்துவிட்டான். இன்னும் ஒரு ஆட்டம். அதோடு சரி. அண்ணை பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் இல்லாமல் ஒருநாளும் போனதில்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றான். அடுத்ததிலும் தோற்றான். இருட்டி, வஸீர் அரிக்கன் லாம்பைக் கொளுத்தியபோது, அவன் கொண்டு வந்த காசு மட்டும் மிஞ்சியிருந்தது. நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை. அப்போது எழும்பியிருக்கலாம். யாரும் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு ஆட்டம், என்று நினைத்தான்.

சீட்டுகள் ஈரமாக இருந்தன.

"என்ன வஸீர், தண்ணி ஊத்தினியோ?"

"உப்புக் காத்து. பேசாமல் விளையாடு."

கடற்பக்கத்துக் கிடுகு இடுக்கால் காற்று வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் லாம்புச் சுடர் நிலப்பக்கம் சாய வேண்டும். அது கடற்பக்கம் சாய்ந்து நின்றது. அமிர்தநாயகம் அதைக் கண்டான். கண்டும் சீட்டைத்தான் பார்த்தான்.

அடுத்து மணம். வாடி முழுக்கக் கருவாட்டு மணம்தான். இது வேறு. பச்சைக் கடல் மணம். ஆழத்தில் இருந்து வலையை ஏற்றும்போது வருகிற குளிர்ந்த மணம்…

ஒன்பது மணி இருக்கும்.

"அமிர்தம்…"

தூரத்தில். கடற்பக்கம். அண்ணையின் குரல்.

தலையைத் தூக்கினான். மற்ற இருவரும் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன?" என்றான் வஸீர்.

"ஒண்டுமில்லை."

உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளைகள்? இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'ஓம்' என்று சொல்லக்கூடாது. கெட்டது இரண்டு தரம்தான் கூப்பிடும். மனிசன்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவான். எங்கள் கரையில் பால்குடி மறக்கும் முன்னே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அமிர்தநாயகமும் அதை நினைத்துக்கொண்டான். பயத்தில் நினைக்கவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

மூன்று சீட்டு மாற்றினான். விரித்துப் பார்த்தான். மூன்று ராணி.

அந்த மாலை முழுக்க வராத கை.

"அமிர்தம்… டேய் அமிர்தம்…"

இந்த முறை பாலசிங்கத்துக்கும் கேட்டது. சீட்டைக் கீழே இறக்கினான்.

"டேய், உன்ர அண்ணன்ர குரல் மாதிரிக் கிடக்கு."

அமிர்தநாயகம் காசு முழுவதையும் நடுவில் தள்ளினான்.

"மூண்டாம் தரமும் கூப்பிடட்டும். பேயோ மனிசனோ எண்டு பாப்பம்."

வஸீர் சிரித்தான். பாலசிங்கமும் சிரித்தான். அமிர்தநாயகமும் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான், பிள்ளைகள், வயதுபோன அமிர்தநாயகம் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். "எனக்குக் குரல் தெரியும்," என்றார். "முதல் தரமே தெரியும்."

காற்று நின்றது.

வெளியே குரைத்துக்கொண்டு கிடந்த நாயின் சத்தமும் நின்றது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் சீட்டைக் காட்டவில்லை.

டப்…

ஒரு துளி தண்ணீர். அவனுடைய சீட்டின் மேல்.

மேலே பார்த்தான். காய்ந்த கிடுகு. மழை இல்லை.

டப்… டப்…

பாயின் நாலாம் பக்கம். வெறுமையாக இருந்த பக்கம். அங்கே பாய் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரம். ஓர் ஆள் சம்மாணங் கொட்டி இருக்கிற அளவு ஈரம்.

லாம்பு அணையவில்லை. ஆடவும் இல்லை.

குரல் வெளியே இருந்து வரவில்லை.

பாயில் இருந்து வந்தது.

காதுக்குக் கிட்ட.

"அமிர்தம்… இன்னும் ஒரு ஆட்டமோ?"

அண்ணையின் குரல்.

வஸீர் சீட்டுகளை எறிந்துவிட்டுக் கலிமா சொல்லத் தொடங்கினான். பாலசிங்கம் கிடுகைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தான். அமிர்தநாயகம் ஓடினான். காசை எடுக்கவில்லை. செருப்பைப் போடவில்லை. உடைமுள் காலில் ஏறியதும் அவனுக்குத் தெரியவில்லை.

கரையில் அவர்களுடைய வள்ளம் இல்லை.

அவன் கத்திய கத்தில் ஊரே எழும்பியது. பெற்றோமாக்ஸ் லாம்புகளோடு நாலு வள்ளங்கள் இறங்கின. விடிய முன்னர் செபமாலையைக் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் மேல், வலைக்கயிற்றைப் பல்லால் கடித்தபடி கிடந்தார். நல்ல கையும் விறைத்துப் போயிருந்தது. உயிர் இருந்தது.

"தம்பியெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்," என்றது ஊர். "கூடப் பிறந்த இரத்தம், அதுதான் தானாகத் துடிச்சிருக்கு." செபமாலையின் மனைவி திரேசம்மா எல்லோருக்கும் முன்னால் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைகளை இழுத்துக்கொள்ளவும் அவனால் முடியவில்லை, கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை வைத்தார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொன்னார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றான். பாலசிங்கம் ஊரை விட்டே போய்விட்டான். வஸீர் அந்த வாடியை அடுத்த நாளே பிரித்துவிட்டான், ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

பூசை முடிந்து வந்த பின்னேரம், செபமாலை தம்பியைக் கட்டிலுக்குக் கிட்டக் கூப்பிட்டார். உப்புத் தண்ணீர் குடித்ததில் குரல் இன்னும் கரகரத்தது.

"மணி அடிச்சும் நீ வரேல்லை. பஸ் கிடைக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு தனியப் போனன். என்ர பிழைதான்."

அமிர்தநாயகம் போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டான்.

"வள்ளம் கவிண்டோடன உன்னைத்தான் கூப்பிட்டன். அவ்வளவு தூரத்தில இருந்து ஆருக்குக் கேக்கும்? ஆனாலும் கூப்பிட்டன். ரெண்டு தரம். பிறகு வாய்க்குள்ள தண்ணி. சத்தம் வரேல்லை."

"கதையாதேங்கோ அண்ணை. படுங்கோ."

"இல்லையடா, இதைக் கேள். திரேசம்மாவுக்கும் சொல்லேல்லை. நான் வாயை மூடின பிறகும் ஆரோ உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. எனக்குப் பக்கத்தில, தண்ணிக்கு மேல. அப்பிடியே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரைப்பக்கம் போச்சுது."

செபமாலை சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"என்ர குரலிலையடா, தம்பி."

வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

"உனக்கு ஏதும் கேட்டதோ?"

அமிர்தநாயகம் தமையனின் முகத்தைப் பார்த்தான். மடங்காத அந்த விரல்களைப் பார்த்தான்.

"இல்லை அண்ணை," என்றான். "ஒண்டும் கேக்கேல்லை."