விசிறி மாட்டிய மீன் தொட்டி மோட்டார்கள்

மீன் தொட்டிக் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் மீனைப் பார்க்க வருவார்கள். இரண்டாவது தடவை வந்தால் அது மோட்டாரைப் பற்றிப் புகார் சொல்லத்தான். ரிப்பேர் தொழிலில் இருந்து, "நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன அன்பர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூரில் நானும் என் நண்பன் சலீமும் சேர்ந்து வண்ண மீன் கடை நடத்தினோம். தொட்டிக்குள் வைக்கிற சின்ன மோட்டார் தண்ணீரை ஒரே கோடாகப் பீய்ச்சும். ஓடும் தண்ணீரில் வாழ்கிற மீன்களுக்கும் கடல் உயிர்களுக்கும் அது போதாது. தொட்டித் தண்ணீர் முழுசும் அகலமாக நகர வேண்டும். அதற்கென்றே வெளிநாட்டு மோட்டார் உண்டு. எங்கள் வாடிக்கையாளர்கள் அதன் விலையைக் கேட்டதும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அதனால் நாங்களே செய்யத் தொடங்கினோம். சாதாரண மோட்டாரின் முன்மூடியைக் கழற்றி, உள்ளே காந்தத்தோடு சேர்ந்து சுற்றும் குட்டி வீலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொம்மைப் படகின் பிளாஸ்டிக் விசிறியை ஒட்டினோம். அதே கரண்டில் பல மடங்கு தண்ணீர் நகர்ந்தது. இதை வைத்தே இரண்டு குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

முதல் ஓட்டம்

முதல் மோட்டாரைக் கடையின் முகப்புத் தொட்டியில் வைத்தோம். அதில் கப்பி மீன்கள் இருந்தன. உடம்பு சுண்டுவிரல் அளவு, வால் மட்டும் முந்தானை மாதிரி. ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் எழுந்து ஒரு சுழற்சி சுழன்றது. அடியில் நட்டிருந்த செடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டத் தோன்றியது.

அப்புறம்தான் மீன்களைத் தேடினோம். அத்தனையும் எதிர்க்கண்ணாடியில் போஸ்டர் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. வாலை அசைக்கக்கூட முடியாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடின. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். சலீம் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, தண்ணி தயாராயிடுச்சு. மீனுங்கதான் இன்னும் தயாராகல."

ஊதலும் உறிஞ்சலும்

வலுவான மீன் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விற்பது என்று முடிவு செய்தோம். குடவாசலில் கற்பகம் டீச்சர் பெரிய பெரிய தங்க மீன்களாக வைத்திருந்தார். அவர் வீட்டில் மாட்டியபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. டீச்சர் காபி கொடுத்தார். கிளம்பும்போது எனக்கு நடையே மாறியிருந்தது.

இந்தச் சின்ன மோட்டார்களில் ஒரு கோளாறு உண்டு. கரண்ட் வரும்போது வலப்பக்கம் கிளம்புமா இடப்பக்கம் கிளம்புமா என்பது அதற்கே தெரியாது. பழைய வீல் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளியேதான் தள்ளும், அதனால் யாரும் கவனித்ததில்லை. விசிறி அப்படி இல்லை. ஒரு பக்கம் சுற்றினால் ஊதும், மறுபக்கம் சுற்றினால் உறிஞ்சும். எங்கள் பக்கத்தில் கரண்ட் போய் வருவதைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஒவ்வொரு தடவை வரும்போதும் பூவா தலையா போட்ட கதைதான். ஒரு சாயங்காலம் டீச்சரின் ஆசை மீன் ஒன்று வால் பக்கமாக உள்ளே இழுக்கப்பட்டுக் கிழிந்துபோனது. டீச்சர் கோபித்துக்கொண்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனில் வகுப்பெடுக்கிற குரலில் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, உங்க மோட்டார் காலையில ஊதுது, சாயங்காலம் உறிஞ்சுது. அந்த வாயில்லா ஜீவன் எதுக்குன்னு பழகிக்கும்ப்பா?"

டக் டக்

அதற்கும் வழி கண்டுபிடித்தோம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல் வைத்தால், தப்பான பக்கம் கிளம்பும் விசிறி அதில் முட்டித் திரும்பிச் சரியான பக்கம் ஓடும். சலீம் ராப்பகலாக ராவி ராவி அந்தப் பல்லைச் செய்தான். வேலையும் செய்தது. ஆனால் முட்டுகிற சத்தம் வரும். சில சமயம் மோட்டார் மனசு மாறுவதற்குள் நாலைந்து தடவை முட்டிவிடும்.

மன்னார்குடியில் ஒரு டாக்டர் தன் கிளினிக் வராந்தாவில் தொட்டி வைத்திருந்தார். நோயாளிகள் மீனைப் பார்த்தால் மனசு அமைதியாகும் என்பது அவர் எண்ணம். மாட்டிக் கொடுத்துவிட்டு வந்த வாரமே அங்கே சீட்டு எழுதும் அம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனபோது மோட்டாரைக் கழற்றி ஒரு கேரி பேக்கில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். அந்த அம்மா அதை நீட்டியபடி சொன்னார்: "சார், இந்தச் சத்தத்துல வர்றவங்களுக்கெல்லாம் பிரஷர் ஏறுது. உங்களையும் ஒரு தடவ செக் பண்ணிட்டுப் போகச் சொன்னாரு டாக்டரு."

செக் பண்ணினேன். ஏறித்தான் இருந்தது.

கீழ்வேளூர்க்காரர்

அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற கோவிந்தராசு அண்ணன் ஏதோ வேலையாகத் திருவாரூர் வந்தவர், வெயிலுக்கு எங்கள் கடைக்குள் ஒதுங்கினார். நான் ஒரு பேசினில் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் குனிந்து, சுழலுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்றங்கால் வெடித்துப்போனதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"இதையே பெருசாச் செஞ்சா வாய்க்கால்ல வைக்கலாமா தம்பி?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அண்ணே, இது இருக்கிற தண்ணியத்தான் தள்ளும்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இருக்கிற தண்ணியத் தள்ளிவிட ஆளுங்க நெறய இருக்காங்க தம்பி. இல்லாத தண்ணியக் கொண்டார ஒரு மோட்டார் இருந்தா சொல்லியனுப்புங்க."

ஹாஜா பாயின் கடல்

கூத்தாநல்லூர் ஹாஜா பாய் மஸ்கட்டில் கடலோர ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் கூடத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டார். நாகப்பட்டினத்திலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் ஒரு ஜோடி, அவை புகுந்துகொள்ள, பூ மாதிரி விரியும் கடல் தாமரை என்ற உயிர் ஒன்று. நாங்கள் மாட்டிக் கொடுத்த இரண்டு மோட்டார்களும் பல் முட்டி, சத்தம் போட்டு, எப்படியோ அங்கே நன்றாகவே ஓடின. கடல் தாமரை அலையில் ஆடுவதைப் பார்த்து அவர் மனைவி ஜைனம்பு அம்மா, "இதுதான் நீங்க அங்க பாத்துக்கிட்டு இருந்ததா?" என்று அவரிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். எங்கள் தொழிலில் நான் தலைநிமிர்ந்து நின்றது அந்த ஒரு கூடத்தில்தான்.

பிறகு புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் தீர்ந்தது. தண்ணீர் அசையாமல் நின்றால் அதில் மூச்சுக்காற்று குறைந்துவிடும். சாய்ந்த மரங்களை நான் சுற்றிச் சுற்றி வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, பாய் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரும் மாற்றி மாற்றிக் கலக்குகிறார்களாம். நானும் ஒரு முறை வாங்கிக் கலக்கினேன்.

நான் இருக்கும்போதே கரண்ட் வந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று தட்டைக் கீழே வைத்தார். ஆனால் வந்தது லோ வோல்டேஜ். மோட்டார்கள் உறுமின, நடுங்கின, கிளம்பவில்லை. அந்தக் கரண்டுக்கு எங்கள் விசிறி பாரம். நான் இரண்டையும் வெளியே எடுத்து, நாங்கள் பெருமையாக ஒட்டின விசிறிகளைப் பிய்த்துப்போட்டு, பையில் கிடந்த பழைய குட்டி வீல்களை மாட்டினேன். உடனே ஓடின. அதற்குள் கடல் தாமரை கூழாகியிருந்தது. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து உயிரை விட்டிருந்தன. பாய் வலையால் அவற்றை எடுத்து ஈரத் துணியில் வைத்தார். டீ குடிச்சுட்டுப் போங்க என்று உட்காரவைத்தார். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "அங்க இருந்தவரைக்கும் வீட்டையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் தம்பி. வீட்டுக்கு வந்து கடலைக் கொண்டாந்தேன். ரெண்டையும் ஒரே எடத்துல வச்சுப் பாக்க நமக்கு நசீபு இல்ல."

சலீமின் வீடியோ கால்

அதற்கப்புறம் ஆன்லைனில் மலிவு மோட்டார்கள் வந்துவிட்டன. சத்தம் இல்லை, எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றும், நாங்கள் உதிரிப் பாகம் வாங்குகிற செலவைவிடக் குறைந்த விலை. வாடிக்கையாளர்கள் அதை வாங்கிவந்து எங்களிடமே மாட்டித்தரச் சொன்னார்கள். மாட்டிக் கொடுத்தோம். சலீம் தன் அண்ணன் மூலமாக விசா வாங்கி தோஹாவுக்குப் போய்விட்டான். போகிற அன்றுகூட ஒரு பல்லை ராவிக்கொண்டுதான் இருந்தான்.

போன வாரம் வீடியோ காலில் வந்தான். ஏதோ பெரிய மால். அவன் பின்னால் வீட்டுச் சுவர் அளவுக்குக் கண்ணாடித் தொட்டி. கூட்டம் கூட்டமாக மீன்கள் தண்ணீரோடு போய் வந்துகொண்டிருந்தன. செல்லைத் தொட்டியின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்க் காட்டினான். காட்டிக்கொண்டே வந்தவன் குரல் இறங்கிவிட்டது. "சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் மாப்ள, மோட்டார் எங்க இருக்குன்னே தெரியல. நாம ரெண்டு பேரும் இத்தன நாளா என்னதான்டா பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

தண்ணீரை நகர்த்துகிறேன் என்று தொழிலில் இறங்கினேன். மீன் போனது, வாடிக்கை போனது, கூட்டாளியும் போனான், நகராமல் நிற்பது நான் ஒருவன்தான்.