நான் முதலில் வைத்த கல்லூரி

சோமனூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் கணினி அறையில் நிற்க இடம் இருக்காது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எவ்வளவு சுருக்கினாலும் ஏற மறுக்கும் புகைப்படம். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். எழுதி வைப்பார்கள். அடுத்த முறை வேறு நோட்டோடு வருவார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். கஷ்டமானது கல்லூரிப் பட்டியல். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலில் எழுதியது மதிப்பெண்ணுக்குக் கிடைத்தால் அதுதான் கிடைக்கும். கீழே இருப்பதற்கு அப்புறம் போக முடியாது. அதனால் வரிசையில் எதை மேலே வைக்கிறோம் என்பதில்தான் ஒரு பிள்ளையின் நான்கு வருடம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த வரிசையைப் போடுவது நான். பெற்றவர்கள் "நீங்க பாத்து எதுன்னாலும் சரிங்க மிஸ்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவள். வெளியூரில் படிக்க இடம் கிடைத்தும் அப்பா அனுப்பவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த கல்லூரியில் சேர்த்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து போன ஒரே மாணவி நான்தான். அந்தக் குறை இன்னும் எனக்குள் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளை யாராவது வந்தால், தூரத்து ஊர்க் கல்லூரியைத்தான் என் கை முதலில் டைப் செய்யும். அதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவி. வகுப்பில் நடு பெஞ்சுக்காரி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் நம் முகத்தை நேராகப் பார்த்து, உதடு விரிய, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொல்வாள். தன்னம்பிக்கை உள்ள பெண் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா குட்டியானை வண்டியில் தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு போகிறவர், அம்மா விசைத்தறி ஓட்டுகிறவர் என்பதைத் தவிர அவள் வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அவளுக்கு நல்ல மதிப்பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இட ஒதுக்கீடும் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியை முதலில் வைத்தேன். அவள் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு தனியார் கல்லூரி நான்காவதாக வந்தது.

"மிஸ், இது ரொம்பத் தூரமுங்களா?"

"தூரம்தான். ஹாஸ்டல் இருக்கு. அரசுக் கல்லூரி, பேர் எடுத்த கல்லூரி. அங்க கிடைச்சா விடவே கூடாது."

"ஊட்ல கேட்டுட்டு வரட்டுங்களா?"

"கேட்டுட்டு வா. ஆனா நாளைக்குள்ள முடிக்கணும்."

அடுத்த நாள் அப்பாவின் கைபேசியோடு வந்தாள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அந்த எண்தான். "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "மிஸ் சொன்னாச் சரின்னாருங்க" என்றாள். எந்த ஊர் என்று அப்பாவிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை.

முதல் சுற்றிலேயே அவளுக்குத் திருநெல்வேலியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வரச் சொல்லி, அறையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். அவள் திரையை இரண்டு முறை படித்தாள். சிரித்தாள், ஆனால் பன்னைச் சாப்பிடாமல் பையில் வைத்துக்கொண்டாள். இடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்கும் ஓடிபி அப்பாவின் எண்ணுக்குத்தான் வரும். நாளைக்குப் போனை வாங்கி வருகிறேன் என்று போனாள். மறுநாள் வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"போன் எங்க?"

"அப்பா அமத்தி வெச்சிருக்காருங்க."

"சார்ஜ் இல்லையா?"

"இல்லீங்க மிஸ். வேணும்னேதான். இது போனாப் போகட்டும், அடுத்த ரவுண்டுல பக்கத்துல கெடைக்கும், அப்ப எடுத்துக்கலாம்னு சொல்லிப்போட்டு வண்டி எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

அப்படிக் கிடைக்காது. ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடமும் இல்லை, அடுத்த சுற்றும் இல்லை. கலந்தாய்வே அவளுக்கு முடிந்துவிடும். இதை அவளுடைய அப்பாவுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான்.

"சரி, உனக்குப் போகணுமா?" அந்தக் கேள்வியையே நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளிடம் கேட்டேன்.

"போகணுங்க. ஆனா நான் போயிட்டா அம்மாவுக்கு யாருங்க இருக்கா?"

அப்புறம்தான் சொன்னாள். இருபது வருடத் தறிச் சத்தத்தில் அம்மாவுக்குக் காது படிப்படியாகப் போய்விட்டது. இப்போது கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. இவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்றவர்கள் பேசுவதை இவள்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, உறவுக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் இவள் கூடப் போவாள். வகுப்பில் அவள் உதடு விரியப் பேசியதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அப்பா எந்தப் பக்கம் லோடு ஏற்றப் போயிருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றாள்.

தறிக்குடோனுக்குள் நுழைந்ததும் காதில் அறைந்த மாதிரி இருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சர்வ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், உதட்டாலும் கையாலும். அந்த இடத்தில் காது கேளாதவள் நான் ஒருத்திதான். மெலிந்த ஓர் அம்மா நான்கு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். மகள் முன்னால் போய் நின்று வாயசைத்தாள். அம்மா முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகளுக்கு இடம் கிடைத்த செய்தியே அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது. அப்பா சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். இவளும் சொல்லவில்லை.

அம்மா நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். சேலை முந்தியால் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். "வண்டியில மூணு பேரு போலாமுங்களா?" என்று என்னைப் பார்த்து, குடோன் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

அப்பா இருந்தது கருமத்தம்பட்டிப் பக்கம், பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் ஓர் ஆலையில். நாங்கள் போய்ச் சேரும்போது மணி நாலேகால். லோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மூவரையும் ஒரே ஸ்கூட்டரில் பார்த்ததும் அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்க மிஸ்" என்றார். குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். இது போனால் அடுத்தது இல்லை, ஐந்து மணியோடு முடிந்துவிடும் என்று. அவர் என்னையே பார்த்தார்.

"அப்புடிங்களா? அது எனக்குத் தெரியாதுங்க மிஸ். ஒண்ணு போனா அடுத்தது பக்கத்துல வருமுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். புள்ள படிக்க வேண்டாம்னு நான் நெனைப்பனுங்களா?" கையிலிருந்த துண்டை முறுக்கினார். "எங்க ஊட்டுல பேசறது இவ ஒருத்திதானுங்க. நான் ஒண்ணு சொன்னா இவ அம்மாகிட்டச் சொல்லுவா. அவ சொல்றதை எனக்குச் சொல்லுவா. இவ போயிட்டா நாங்க ரெண்டு பேரும் எப்புடிங்க பொழங்கறது?"

அவர் என்னிடம்தான் பேசினார், என் பக்கம் திரும்பி. பின்னால் நின்ற மனைவிக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அந்த அம்மா வந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இக்கட்ட, எம் பக்கம் திரும்பிப் பேசுங்க. எனக்கும் தெரியட்டும்."

அவர் திரும்பினார். மகள் வாயைத் திறந்தாள். அம்மா கையைக் காட்டி அவளைத் தடுத்தார். அப்பா அதே சொற்களை, இந்த முறை மெதுவாக, மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அதுக்கோசரம் இவளை இங்கியே கட்டிப் போடறதுங்களா?" என்றார் அந்த அம்மா. "எனக்குக் காதுதானுங்க போச்சு. கண்ணு இருக்குது, வாய் இருக்குது. போனைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவே அதை உயிர்ப்பித்தார். நான் என் கைபேசியில் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்தேன். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஆலைக்கு வெளியே ரோட்டோரம் வந்து நின்ற பிறகுதான் பக்கம் முழுதாகத் திறந்தது. உறுதி செய்யும் பொத்தானை நான் தொடவில்லை. மகளிடம் கொடுத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அழுத்தினாள். ஓடிபி வந்தது. அந்த அம்மா ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தார். மணி நாலே முக்கால்.

திரும்பி வரும்போது எனக்கு வெற்றி பெற்ற மாதிரி எல்லாம் இல்லை. ஒரு வீட்டில் யார் யாருக்கு எதுவாக இருக்கிறார்கள் என்று தெரியாமல் அதிலிருந்து ஒருவரை எடுத்து எங்கோ வைத்துவிட்டேன். அந்த அம்மா இல்லையென்றால் அவள் படிப்பும் போயிருக்கும். பட்டியல் போட்ட அன்றைக்கே அந்த அப்பாவை வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசியிருந்தால் இத்தனை பேர் அழுதிருக்க வேண்டாம். ஒருவேளை அந்தப் பக்கத்துக் கல்லூரியையே முதலில் வைத்திருப்போமோ என்னவோ. அதுவும் தப்பாக இருந்திருக்காது.

முதல் செமஸ்டர் அவளுக்கு லேசாகப் போகவில்லை. கணிதத்தில் அரியர் வைத்தாள். எனக்குப் போன் செய்து, "ஊருக்கே வந்துபோடறேனுங்க மிஸ்" என்று அழுதாள். வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் பள்ளிக் கணித ஆசிரியையிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தேன். அடுத்த முறை எழுதித் தேறினாள்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய அப்பாவை சோமனூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மொதல்ல ஒரு மாசம் ரொம்ப வெசனமாத்தானுங்க இருந்துச்சு. ஊட்டுக்குப் போனா பேச்சே இல்ல. அப்புறம் புள்ளையோட அம்மாவே ஒரு நா உக்கார வெச்சு, வாயை எப்புடி அசைக்கோணும்னு சொல்லிக் குடுத்தா." சிரித்துக்கொண்டே பிடரியைத் தடவினார். "அப்பத்தானுங்க தெரிஞ்சுது, இத்தன வருசமா நான் அவளுக்கு முதுகைக் காட்டிட்டேதான் பேசிட்டு இருந்திருக்கேன்னு."

அரசு ஆஸ்பத்திரி முகாமில் அந்த அம்மாவுக்குக் காதுக் கருவி ஒன்று கொடுத்தார்களாம். தறியடியில் அதைப் போட்டால் தலை வெடிக்கிறது என்று பீரோவில் வைத்துவிட்டாராம். மகள் வீடியோவில் கூப்பிடும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வாராம்.

இப்போதெல்லாம் பட்டியல் போடும் முன்பு அம்மாவோ அப்பாவோ வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கூலி போய்விடுமே என்பார்கள். பொழுதோட, வேலை விட்ட பிறகு வந்தால் போதும், காத்திருக்கிறேன் என்பேன். வந்தவர்களிடம் முதலில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளை இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று கேட்கிறேன். சிலர் சொல்வார்கள். சிலர், கம்ப்யூட்டர் டீச்சர் எதற்கு இதையெல்லாம் விசாரிக்கிறார் என்று பார்ப்பார்கள். பக்கத்தில் பீளமேட்டிலேயே படிக்கிறேன், அம்மாவை விட்டுப் போக மனசில்லை என்று சொன்ன ஒரு பெண்ணுக்குப் போன வருடம் அதையே முதலில் வைத்தேன். கை கொஞ்சம் தயங்கியது உண்மை. அவள் நன்றாகத்தான் படிக்கிறாள்.

திருநெல்வேலிக்காரி இப்போது மூன்றாம் வருடம் முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகப் போன வாரம் போன் செய்தாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கறாருங்க."

"நான் வேணா வந்து பேசட்டுமா?"

மறுமுனையில் அவள் சிரித்தாள். "வேண்டாங்க மிஸ், நீங்க வராதீங்க. சனிக்கிழமை ஊருக்கு வாரேன். அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."