‘குங்ஃபூ’வுக்கு அந்த அம்மா சொன்ன அர்த்தம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. திருவண்ணாமலையில், அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு ஷெட்டில் குங்ஃபூ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வாசல் போர்டில் ‘குங்ஃபூ’ என்று தமிழிலும் சீன எழுத்திலும் எழுதி வைத்திருந்தேன். சீன எழுத்து, பெயின்டர் செல்போனில் பார்த்து வரைந்தது. பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று கிரிவலம் வந்த ஒரு சீன அம்மா போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். நான் ஆங்கிலத்தில் தடுமாறினேன். அவர் சிரித்துக்கொண்டு தமிழில் பேசினார்! மலேசியாவில், தமிழர்கள் நிறைந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவராம்.

“அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினீங்களா, தம்பி?”

“சண்டைக் கலைதானேம்மா?”

“இதுல சண்டைன்னே ஒண்ணும் இல்லையே. ரொம்ப நாள் பாடுபட்டா ஒரு திறமை வரும் பாருங்க, அதுதான் குங்ஃபூ. சமையல், தச்சு வேலை எல்லாத்துக்கும் சொல்லுவாங்க. சினிமா வந்த பிறகுதான் வெளிநாட்டுல சண்டைக்குப் பேரா ஆயிடுச்சு.”

கிளம்பும்போது சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்.

“உனக்குக் குங்ஃபூ இருக்கான்னு வீட்ல கேட்டா, உனக்கு நேரம் இருக்கான்னு அர்த்தம்.”

அன்று காலை என் மனைவி அதைத்தான் கேட்டிருந்தாள். “ஏங்க, பத்து நிமிஷம் நேரம் இருக்குமா? கையைக் கொஞ்சம் பிடிச்சு விடுறீங்களா?” வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதங்களுக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், தினமும் ரெண்டு வேளை யாராவது உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொன்னார். ஊரார் கைகளை மணிக்கணக்கில் பழக்கிய நான், அவள் கையை ஐந்து நிமிடம் பிடித்தாலே எரிந்து விழுவேன். “நீ முயற்சியே பண்ண மாட்டேங்கிற” என்று ஒருநாள் கத்தியும் இருக்கிறேன்.

வகுப்பைப் பாதியில் விட்டு வேங்கிக்காலில் இருந்த வீட்டுக்குப் போனேன். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் வேர்க்கடலையை வைத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை உருண்டு ஓடியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

“என்னங்க, கிளாஸ் இல்லையா?”

“இல்ல. இனிமே காலைல கிளாஸே கிடையாது.”

அவள் கையை என் பக்கம் நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தோம். முன்னேற்றம் ரொம்பக் கம்மி. முதல் மாதங்களிலேயே செய்திருக்க வேண்டியது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது அவள் பேச்சை மாற்றிவிட்டாள். நாலாவது மாதம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. என் சட்டையிலிருந்து அறுந்து விழுந்திருந்த பொத்தானை எடுத்துக் காட்டி, “பாருங்க, பிடிச்சுட்டேன்!” என்றாள். அடுத்த வாரமே இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். பேச்சு வரவில்லை. போய்விட்டாள்.

கடைசி நாலு மாதம் கூட இருந்தீர்களே என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய எட்டு மாதத்தைப் பற்றி அவள் என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போனதுதான் இன்றுவரை என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.