சாறு விடாத தட்டு

கையுறையைக் கழற்றாமல் யாராவது கைப்பேசியைத் தொட்டால் போதும், அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கேன்சர் செல்லத் தொட்ட கையாலயே போனையும் தொடுவியா? வெளிய போ மொதல்ல." மாணவர்களென்ன, பேராசிரியருக்கும் இதே பூசைதான். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'உறை அக்கா' என்று பெயர்.

பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. வட்டத் தட்டுகளில் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வாள். பாதித் தட்டுகளில் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை விடுவார்கள். செல்கள் சுருங்கி உதிரும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதித் தட்டுகளில் எதுவும் விடுவதில்லை.

"அப்ப தினமும் குடிச்சா கேன்சர் வராதா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இதுல விடுற வீரியம் குடம் குடமா குடிச்சாலும் வராதுங்க. வயிறு தட்டு இல்லையே," என்று சிரிப்பாள்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். சில மாதங்களாக அவள் மேசையில் ஒரு பிளாஸ்க் நிறையப் பச்சைத் தேநீர். சர்க்கரை குறைந்த காப்பியையே கழுநீர் என்பவள், அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்குகிறாள். காரணம் தங்கைக்கு மட்டும் தெரியும். அக்காவுக்கு மலத்தில் ரத்தம் போகிறது. அப்பாவைக் கொண்டுபோனதும் குடல் புற்றுநோய்தான். குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தங்கை நாள் வாங்குவாள், அக்கா தள்ளிப்போடுவாள்.

"மூலமா இருக்கும்டி. டீ குடிக்கிறேன்ல, பாப்போம்."

பார்க்காதவரை நோய் இல்லை என்று ஒரு நினைப்பு.

விடுப்பு முடிந்து இன்று காலை வந்தவள், சாறு விடாத தட்டொன்றை நுண்ணோக்கியில் வைத்தாள். போகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த செல்கள், இப்போது இடுக்குக்கூட இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. யாரும் எதுவும் செய்யவில்லை. சும்மா விட்டதற்கே இவ்வளவு.

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பையைத் துழாவித் தங்கையை அழைத்தாள்.

"சின்னவளே, அந்த டாக்டர் இன்னைக்கு இருக்காரான்னு கேளு. நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்குடி."

பக்கத்திலிருந்த மாணவி எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்த அக்காவின் கையில் உறை அப்படியே இருந்தது.