பதினோராவது கோழி

அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால் நானும் வழக்கம்போல எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருப்பேன்.

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு மெஸ்ஸில் நான் சமையல்காரன். தினமும் காலை ஏழு மணிக்குப் பத்துக் கோழி வாங்கி வருவதும் என் வேலைதான். கோழிக்கடை அண்ணன் எங்கள் ஊர்ப்பக்கம், நாகர்கோவிலுக்குத் தெற்கே. இந்த வேலையை எனக்குப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டில் கோழியைக் கைகாட்ட வேண்டும், தராசில் எடை பார்க்க வேண்டும், பிறகு கிளம்பிவிட வேண்டும். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் பை தயாராக இருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. நிற்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. நான்கு வருடம் நானும் அப்படித்தான் போய் வந்தேன்.

மழையில் ரோட்டைக் கடக்க முடியாமல் கடைக்குள்ளேயே ஒதுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். அண்ணன் கழுத்தை அறுத்து ஒவ்வொன்றாக நீல டிரம்முக்குள் போட்டு மூடினார். உள்ளே தடதடவென்று சத்தம். அது அடங்குவதற்குள் அடுத்தது. டிரம் நிறைந்ததும், முதலில் போட்டதா கடைசியில் போட்டதா என்று பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்து வெந்நீரில் முக்கினார். அதில் ஒரு கோழி, வெந்நீரைத் தொடும் முன்னால், கண்ணை மூடித் திறந்தது. மறுபடியும் மூடித் திறந்தது. பிறகு வெந்நீர். பிறகு ரப்பர் விரல்கள் சுற்றி இறகு பிடுங்குகிற மெஷின்.

அது நான் கைகாட்டிய கோழி.

மெஸ்ஸுக்கு வந்த பிறகு கை ஓரிடத்தில் நிற்கவில்லை. வெங்காயம் நறுக்கினேன், பாதியில் விட்டுவிட்டு அரிசி களைந்தேன், அதையும் விட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். குழம்பு கொதித்தபோது உப்புப் பார்க்க முடியவில்லை. கரண்டி வாய்வரை வந்து திரும்பிப் போனது. போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டேன். மெஸ் நடத்துகிற சேச்சி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது குழம்போ, சங்குமுகத்துக் கடல் வெள்ளமோ?”

பாத்திரம் தேய்க்கிற அக்காமாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினேன்.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் டீக்குப் போகவில்லை. கடையில் ஓரமாக நின்றேன். மூன்றாம் நாளும் நின்றேன். அண்ணனுக்கு எரிச்சல் வந்தது.

“என்னலே மக்கா, கடையில சிசிடிவி இல்லன்னு நீயே வந்து மாட்டிக்கிட்டியா?”

எனக்கு ஆட்களிடம் பேச வராது. பஸ்ஸில் இறங்குமிடம் தாண்டினால்கூடக் கண்டக்டரைக் கூப்பிடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பவன். அன்று எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

“முழுசாச் சாவுற வரைக்கும் பொறுத்துட்டு வெந்நீர்ல போடுங்கண்ணே. என் பத்துக்கு மட்டும்.”

அண்ணன் கத்தியைத் துடைத்தபடியே என்னைப் பார்த்தார். “கோழியாக் கேட்டுது ஒங்கிட்ட?” என்றார். ஆனாலும் பொறுத்தார். டிரம்மில் சத்தம் அடங்கியது. மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, “இது போயிட்டுலே, இதும் போயிட்டு” என்று எனக்குக் காட்டிக் காட்டி முக்கினார். கேலிதான். பரவாயில்லை.

இதனால் தினமும் அரைமணி நேரம் தாமதமானது. எங்கள் மெஸ்ஸில் பெரிய அடுப்பு ஒன்றுதான். கோழிக்குழம்பு இறங்கினால்தான் சாம்பார் ஏறும். பதினொரு மணிக்குப் பொட்டலங்கள் வண்டியில் ஏற வேண்டும். ஒரு வாரம் பொறுத்துவிட்டுச் சேச்சி கேட்டார், “எந்தா அண்ணாச்சி டெய்லி லேட்?”

“கடையில கூட்டம் சேச்சி,” என்றேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். ஊரில் மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள்.

அந்த ஒரு பொய் என்ன செய்யும் என்று நான் நினைக்கவில்லை. சேச்சி வேறு கடைக்குப் பேசிவிட்டார். மறுநாள் காலை பைக்கில் ஓர் ஆள் வந்தான். கோழிகளின் கால்களைக் கயிற்றால் கட்டி, ஹேண்டில்பாரில் இந்தப்பக்கம் ஐந்து, அந்தப்பக்கம் ஐந்து, தலைகீழாக. ஹைவே நெரிசலில் அப்படியே வந்திருக்கிறான். மெஸ் வாசலிலேயே அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். சேச்சிக்குச் சந்தோஷம். “அண்ணாச்சி இனி அலைய வேண்டாம், கேட்டோ.”

கயிற்றை அவிழ்ப்பது என் வேலையானது. கயிறு இறுகிய இடத்தில் கால் நீலம் பாரித்திருக்கும். ரத்தம் தலைக்கு இறங்கி, சில கோழிகளுக்குக் கழுத்து நிற்காது. ஒருநாள் ஒன்றின் இறக்கை சைலன்சரில் உரசிக் கருகியிருந்தது. இறகு தீய்ந்த வாடை அடுக்களைவரை வந்தது. இவை என் வாயால் வந்தவை. அண்ணன் கடையில் இருந்திருந்தால் அமைதியாகச் செத்திருக்கும் கோழிகள், நான் சொன்ன பொய்யால் இப்படித் தொங்கி வருகின்றன. படுத்தால் எழுந்து உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் நடக்கத் தோன்றும்.

சேச்சியிடம் சொல்ல நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் தேங்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான்காம் தடவை, “இத்தனை தேங்கா யாரு தின்னுது?” என்றார்.

எனவே எழுதினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் மறுநாள் காய்கறிக்கு லிஸ்ட் எழுதுவது நான்தான். சேச்சி அதை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, தலையாட்டிவிட்டு எடுத்துப் போவார். அன்று இஞ்சி, கறிவேப்பிலைக்குக் கீழே இடம் விட்டு இரண்டு வரி சேர்த்தேன். சேச்சி வாங்கினார், பார்த்தார், தலையாட்டினார். கோபமே இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

கால்மணி நேரத்தில் அவர் போன் அடித்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். சாலை மார்க்கெட் காய்கறிக்கடைக்காரர், திருநெல்வேலிக்காரர்.

“சேச்சி, லிஸ்ட்ட போட்டோவுல பாத்தேன், எல்லாம் சரி. கடைசியில ஒண்ணு மட்டும் வெளங்கல. ‘பைக்கில் வரும் கோழி வேண்டாம், கால் புண்ணாகிறது. கடையில் கூட்டம் என்று நான் சொன்னது பொய்.’ இது எத்தனை கிலோ போடணும்?”

சேச்சி மலையாளம் கலந்தாலும் சரளமாகத் தமிழ் பேசுவார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது நான்கு வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. லிஸ்ட் தமிழில் இருந்தது காய்கறிக்கடைக்காரருக்காக. சேச்சி வெறுமனே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

பாத்திரம் தேய்த்த இரண்டு அக்காமாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“எந்து பொய், அண்ணாச்சி?”

சொன்னேன். டிரம், கண், வெந்நீர், கயிறு, சைலன்சர். நான்கு வருடத்தில் அவரிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வராது. முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினேன்.

“சாகப்போற கோழிக்கு எந்தினா இத்தனை மரியாதை?”

“சாகட்டும் சேச்சி. செத்த பெறவு வெந்நீர் போதும்.”

அவர் கையில் இருந்த மாவை உதிர்த்தார். “எனக்கு ஏழரைக்குக் கோழி அடுப்பில இருக்கணும். அதுக்கு மேல நீங்க எந்து செஞ்சாலும் எனக்குப் பிரச்சனை இல்ல. நேரத்தே, இருட்டோட எழுந்து அந்தக் கடைக்கே போங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “செவ்வாக்கிழமை கோழி வேண்டாம், கடலைக்கறி மதி. இது கோழிக்காக இல்ல. ஒரு நாளாவது நீங்க உறங்கணும்.”

விடுதிப் பிள்ளைகள் யாரும் செவ்வாய்க்கிழமை ஏன் கோழி இல்லை என்று கேட்கவில்லை.

அண்ணன் கடைக்குத் திரும்பிப் போனபோது அவர் முகம் கொடுக்கவில்லை. “கடைய மாத்துனத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா,” என்றார். தலை குனிந்து கூண்டில் பத்தைக் கைகாட்டினேன். எடை போட்டார், அறுத்தார், பொறுத்தார்.

நான் கோழி தின்பதை விட்டுவிடவில்லை. ஊருக்குப் போனபோது மனைவி குழம்பு வைத்தாள். வாங்கும்போது நின்று பார்த்தாயா என்று கேட்டேன். “ஒமக்கு என்ன கிறுக்கா?” என்றாள். பாதி தின்றேன்.

இப்போது ஆறு இருபதுக்கே கடையில் இருக்கிறேன். போன வாரம் ஒரு காலை, என் பத்தும் முடிந்து பை கைக்கு வந்துவிட்டது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கைகாட்டிவிட்டு டீக்குப் போயிருந்தார். அவருடைய கோழி டிரம்மில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மூடியைத் தொட்டார்.

“ஒனக்குப் பத்தும் ஆச்சுல்லா. போலே.”

மணி ஆறு ஐம்பது. பை கனத்தது. நான் போகவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், மூடியிலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். சத்தம் அடங்கும்வரை இருவரும் நின்றோம்.

அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து கைகாட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.