சத்தமே வராத புஷ்

பட்டறையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் வாசலில் நுழையும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷமாக அது தப்பியதில்லை. அதனாலேயே மற்ற யாரும் அவர் கண்ணுக்கு மனுஷராகத் தெரிவதில்லை. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கும் மெக்கானிக்குகளை 'டைப்பிஸ்டுகள்' என்பார். போல்ட் கழற்றும் ஏர் கன் அலறும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "காதை அடைச்சுக்கிட்டா வண்டி பேசுறது எப்படிக் கேக்கும்?" என்பார்.

அவருடைய இளக்காரத்தில் பெரும்பங்கு, பட்டறைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பல் டாக்டருக்கு. டாக்டர் வாங்கியிருந்தது, பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் வேகக் கார். அந்தச் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஒரு இரும்புக் குண்டான் மாதிரி, நடுவே புஷ் என்கிற ரப்பர் வளையங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால் ரப்பர் நசுங்கி, குண்டான் ஆடி, 'டொக்' என்று ஒரு சத்தம். டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியப் புஷ் போட வேண்டுமாம்.

"நாள் பூரா ஸ்டூல்ல உக்காந்து பல்லு நோண்டுற மனுஷனுக்கு ரேஸ் கேக்குது," என்று காதுக்காரர் மனைவியிடம் நொடித்தார். அதே பட்டறையில் உதிரிபாகக் கவுன்டரைப் பார்ப்பவள் அவள். புஷ் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"அலுமினியம் போட்டா உள்ள விசில் மாதிரி சத்தம் வருமே, சொல்லிட்டீங்களா?"

"மத்தவன் போட்டா வரும்."

ஒன்றரை நாள் வேலை. பழைய ரப்பரை ரம்பத்தால் அறுத்தெடுத்து, கூட்டை உப்புத்தாளால் தேய்த்து, புதியதைப் பிரஸ் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஓட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, விசிலும் இல்லை, கம்மென்று இருந்தது. அன்று முழுக்கத் தலையில் கொம்பு முளைத்தவர் மாதிரி நடந்தார். "எங்கயாவது கேக்குதாடா டைப்பிஸ்டு?" என்று ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுத்தார். காரை ஓட்டிப் பார்க்காதவர்கள் என்ன சொல்வார்கள்?

நாலாம் நாள் சாயங்காலம் டாக்டர் வந்து நின்றார்.

"மாஸ்டர், அறுபதுல மிதிச்சா கீன்னு ஒரு சத்தம். என் டிரில் மாதிரியே இருக்கு."

"டிரில்லு உங்க காதுலயே தங்கிருச்சு டாக்டர். எனக்கே காது குத்துறீங்களா?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் இறக்கிவிடுகிறேன், வழியில் நீங்களே கேளுங்கள் என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டார். இந்த ஆளுக்குப் பாடம் நடத்த வழி நல்லதாகவே அமைந்தது என்று காதுக்காரர் முன்சீட்டில் சாய்ந்தார். பெரிய சாலை வந்ததும் டாக்டர் மிதித்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே..."

"ஏங்க, வருதே," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "நல்லாவே கேக்குது."

அவர் தலையைச் சாய்த்தார். டயர் சத்தம், காற்று, எஞ்சின். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பல் டாக்டருக்காகப் பொய் சொல்கிறவள் இல்லை அவள். போன மாதம், ரிவர்ஸ் எடுத்த லாரி பீப் அடிக்கவே இல்லை என்று டிரைவரைத் தான் கிழிகிழியென்று கிழித்தது நினைவுக்கு வந்தது. அந்த டிரைவர் ஏன் அப்படி விழித்தான் என்று இப்போது புரிந்தது. காது போனால் அவரும் ஒரு டைப்பிஸ்டு. அதுகூட இல்லை, அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது.

"கேக்குதா மாஸ்டர்?"

கண்ணை மூடிக்கொண்டு, எடை போடுகிறவர் மாதிரி நிதானமாகத் தலையாட்டினார்.

"ம். இதோ, இப்ப கேக்குது. இடது பக்கத்துப் புஷ்ஷு ஒரு நூல் கோணலா இருக்கு. உங்களுக்கெல்லாம் அது பிடிபடாது."

கண்ணைத் திறந்தார். டாக்டர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தார். கார் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "சத்தம் அப்பவே நின்னுபோச்சு."

டாக்டர் சாலையைப் பார்த்தபடியே, நோயாளியை வாய் திறக்கச் சொல்லும் அதே பதமான குரலில் சொன்னார்:

"என் கிளினிக்குக்கு மேல்மாடியில ஒரு காது டாக்டர் இருக்கார் மாஸ்டர். நல்ல மனுஷன்."