இருபதுக்கு மேல் இல்லை

குளிர்காலத்தில் காஸ் பில்லைக் கட்டுக்குள் வைத்திருப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. யாரும் தந்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. மோர்னிங்சைட்டில் வீடு வாங்கிய நாள் முதல், ஹோல் சுவரிலிருந்து வீட்டுச் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற்றை இருபது பாகைக்கு மேல் ஏற நான் விட்டதில்லை. யாராவது அதற்கு விரலை நீட்டினால் பேஸ்மென்ற்றில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

மகள் முதல் பிள்ளையைச் சுமந்திருந்த அந்தக் குளிர்காலத்தில், ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்ரிக் தாள் ஒட்டினேன். கதவுக்கடியில் நான் கட்டிப் பழசான சாரத்தைச் சுருட்டி வைத்தேன். பலனைப் பார்த்து நானே அசந்துபோனேன். இருபதில் வைத்த தெர்மோஸ்ராற் வீட்டுச் சூடு இருபத்துமூன்று என்று காட்டியது. பேஸ்மென்ற்றில் காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பகல் முழுக்க வாயே திறக்கவில்லை. போன கலியாண வீடுகளிலெல்லாம் பிளாஸ்ரிக்கின் மகிமை பற்றிப் பிரசங்கம் வைத்தேன்.

ஒரேயொரு குறை, வீடு குளிர்ந்தது.

"இஞ்சேருங்கோ, கை விறைக்குது" என்றாள் மனைவி.

"சுவரில இருபத்துமூண்டு நிக்குது. உமக்கு வயசு போகுது, அதுதான் குளிருது" என்றேன். நான் போட்டிருந்த இரண்டு ஸ்வெற்றரையும் அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

பிள்ளைப்பேறு முடிந்து முப்பத்தொரு நாளும் மகள் எங்களோடுதான் என்று பேச்சு. நிறைமாதத்தில் ஒருநாள் வந்தவள், ஜக்கெற்றைக் கழற்றாமலே சோபாவில் இருந்தாள். "அப்பா, திஸ் இஸ் நொட் ஓகே. பேபியை இஞ்ச கொண்டு வரேலாது. நான் யூனியன்வில்லுக்கு மாமி வீட்டையே போறன்."

எனக்குச் சுருக்கென்றது. முதல் பேரப்பிள்ளை சம்பந்தி வீட்டிலா? ஆனாலும் இருபத்துமூன்று காட்டும் வீட்டை இன்னும் சூடாக்க எனக்கு மனம் வரவில்லை.

மனைவி என்னை விட்டுவிட்டுச் சாமியிடம் போனாள். சாமித்தட்டு ஹோலில், தெர்மோஸ்ராற்றுக்கு நேர் கீழே. மகள் சுகமாகப் பெறவேண்டும் என்று அவள் நேர்ந்து, குளிர் தொடங்கியதிலிருந்தே பகலெல்லாம் அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது எனக்குப் புத்தி வரவேண்டும் என்று இன்னும் நாலு திரி போட்டாள். வீடு இன்னும் குளிர்ந்தது.

பேத்தி பிறந்த செய்தி வந்ததும், "இனித் துடக்கு, முப்பத்தொரு நாளைக்குச் சாமிக்கு விளக்கில்லை" என்று மனைவி விளக்கை நூர்த்து, சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினாள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீடு வெதுவெதுவென்றிருந்தது. கீழே ஃபேர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது.

பழுதாகிவிட்டது என்று தெர்மோஸ்ராற்றிடம் ஓடினேன். சரியாக இருபது. அதன் அடிப்பக்கம் மட்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தது. விளக்கிலிருந்து அதுவரை சுவரிலும் கரி. விளக்கின் சூட்டை வீட்டின் சூடென்று நம்பி, அந்தப் பெட்டி இவ்வளவு நாளும் ஃபேர்னஸை எழும்ப விடவில்லை.

"அப்ப நான் கும்பிடக் கும்பிடத்தான் வீடு குளிர்ந்ததோ?" என்று மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "அப்ப உங்கட பிளாஸ்ரிக்?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள்.

சாமித்தட்டை அடுப்பிருக்கும் குசினிக்கு மாற்றுவோம் என்றேன். "சாமி அசையாது. பெட்டியைக் கழட்டுங்கோ" என்றாள். ஆள் பிடித்துத் தெர்மோஸ்ராற்றை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன்.

சமாதானம் சொல்லிக் கூப்பிட்டதில் மகள் அரை மனத்தோடு வந்தாள். வாசலில் நின்று மூக்கைச் சுளித்துப் பார்த்தாள். பிறகு ஜக்கெற்றைக் கழற்றினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துடக்குக் கழிந்து விளக்கும் மறுபடி ஏற்றியாயிற்று. மகளைக் கூட்டிப்போக மருமகன் கார்த் திறப்போடு வந்து நின்றான். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலால் பனியைப் பார்த்தாள். "வெளியில சரியான குளிர் அப்பா. ஸ்பிரிங் வரட்டும், பிறகு போறனே?"

நான் நேரே போய்த் தெர்மோஸ்ராற்றை இரண்டு புள்ளி ஏற்றினேன்.

குசினி வாசலில் நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"இவ்வளவு வருசமா நான் விறைச்சனான். ஒருநாளாவது உந்தக் கை அங்க போச்சோ?"